உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும்

நைனார்பாளையத்துக்கு வருகிற வெளியூர்க்காரர் யாராவது, இந்தப் பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “இங்க என்னங்க இருக்கு, கல்வராயன்மலைக்குப் போங்க, அருவி இருக்கு.” சொல்கிறவரைக் குறை சொல்வதற்கில்லை. சின்னசேலம் வட்டாரம் மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் விளைகிற மேட்டுநிலம். மதுரையைப் போலவோ தஞ்சாவூரைப் போலவோ தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கிற கோபுரம் எதுவும் இங்கே இல்லை. ஆனால் இந்த ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஜம்பையில் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையுள்ள தமிழி எழுத்து. திருநறுங்கொண்டையில் பார்சுவநாதரின் மலைக்கோயில். தியாகனூரில் புத்தர். திருக்கோவலூரில் சைவர்களின் வீரட்டானமும் வைணவர்களின் திரிவிக்கிரமரும். எறையூரில் செபமாலை அன்னையின் ஆலயம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படைகளும் மாறி மாறி முற்றுகையிட்ட தியாகதுருகம் மலைக்கோட்டை. பெரிய சமயங்களில் பலவும் இந்த மண்ணில் ஒரு காலத்தில் வீடு கட்டிக் குடியிருந்திருக்கின்றன. இவற்றை வெறும் கட்டடங்களாகப் பார்த்துவிட்டு வந்தால் மனதில் பெரிதாக எதுவும் தங்காது. இவற்றுக்குள் யார் இருந்தார்கள், யார் போனார்கள், யார் கடைசிவரை வாசலிலேயே நின்றார்கள் என்று கேட்கத் தொடங்கினால்தான் கனம் கூடுகிறது.

தியாகனூரிலிருந்து தொடங்கலாம். சேலம் மாவட்டத்தில், தலைவாசலுக்குப் பக்கத்தில், ஆறகளூரை ஒட்டிய சிற்றூர் அது. ஆறகளூர் ஒரு காலத்தில் மகதை மண்டலத்தின் தலைநகர். பிற்காலச் சோழர்களுக்குக் கீழே சிற்றரசர்களாக இருந்து, பிறகு சோழர்களின் பிடி தளர்ந்தபோது தனித்து ஓங்கிய வாணகோவரையர்கள் அங்கிருந்துதான் இந்தப் பகுதியை ஆண்டார்கள். அவர்கள் காலத்துக் காமநாதீசுவரர் கோயில் இன்றும் பூசையோடு இருக்கிறது. பக்கத்துத் தியாகனூரில் இரண்டு புத்தர் சிலைகள், ஆள் உயரத்தை மிஞ்சிய பெரிய உருவங்கள், மடிமேல் கையை வைத்துத் தியானத்தில் அமர்ந்த கோலம். நெடுங்காலம் வயல்வெளிகளுக்கு நடுவே வெயிலிலும் மழையிலும் இருந்தவை. இப்போது கூரையும் மண்டபமும் வந்திருக்கின்றன. புத்த பூர்ணிமைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஆனால் இவ்வளவு பெரிய சிலைகளைச் செய்விக்கும் அளவுக்கு வசதியோடும் எண்ணிக்கையோடும் அங்கே வாழ்ந்த பௌத்தர்களின் தொடர்ச்சி என்று சொல்ல இன்று அந்தப் பகுதியில் யாரும் இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களில் தங்களைப் பௌத்தர் என்று பதிந்துகொண்டவர்கள் 11,186 பேர். அவர்களிலும் பலர் கடந்த நூறு ஆண்டுகளில் அயோத்திதாசர் வழியாகவும் அம்பேத்கர் வழியாகவும் பௌத்தத்துக்குத் திரும்பியவர்கள். சிலை இருக்க, கும்பிட்டவர்கள் போய்விட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் அந்தக் கல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

சேலத்தில் அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிற்று. தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் மக்கள் வணங்கிவந்த சிலை உண்மையில் புத்தர்தான் என்று சொல்லி 2011இல் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றத்தின் உத்தரவுப்படி தொல்லியல் துறையினர் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது மடல் என்று புத்தருக்குரிய அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. உடலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த தலையைச் சில ஆண்டுகளுக்கு முன் யாரோ சிமெண்டுக் கலவையால் சரியாகப் பொருந்தாதபடி ஒட்டவைத்திருந்ததும் அந்த அறிக்கையில் உண்டு. 2022இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: இது புத்தர் சிலை, அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டிலிருந்து தொல்லியல் துறைக்கு மாற வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசையோ சடங்கோ கூடாது.

தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஒருவர் முகத்தை மறைத்து அவருக்கு வேறொரு பெயரிட்டு அழைப்பதைக் காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக ஏற்றுக்கொள்ள முடியாது. ஆனாலும் மனம் அங்கேயே சற்று நிற்கிறது. அந்தச் சிலைக்கு எண்ணெய் வார்த்து, மாலை போட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொண்டு, அறுவடை முடிந்தால் பொங்கலிட்டு வந்தவர்கள் யார்? அவர்கள் எவரையும் விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாக, இது நம் முனியப்பன் என்று நம்பி வந்த எளிய மக்கள். தலை வேறாகக் கிடந்த உருவத்தைக் குப்பையென்று ஒதுக்காமல் தெரிந்த வகையில் ஒட்டவைத்து நிமிர்த்தியதும் அப்படியொரு நம்பிக்கைதான். தவறான பெயரில் செய்த அந்தப் பூசை அந்தச் சிலையின் அடையாளத்தை மூடியது. அதே பூசைதான், அது உடைந்து ஜல்லியாகப் போய்விடாமல் காத்ததும். ஒருவருக்கு நியாயம் கிடைத்த நாளில் இன்னொருவரின் சாமி போய்விட்டது. புத்தரை இழந்தவர்களுக்கு நியாயம் கேட்க ஓர் அறக்கட்டளையும் வழக்கறிஞரும் இருந்தார்கள். முனியப்பனை இழந்தவர்களிடம் உட்கார்ந்து பேச, இது யார், இங்கே எப்படி வந்தார், உங்கள் பாட்டனும் முப்பாட்டனும் இவரை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று எடுத்துச் சொல்ல, ஓர் ஏற்பாடாவது வேண்டாமா?

கும்பிட்டவர்கள் போனபின் நிற்கும் கட்டடம் என்ன ஆகிறது என்பது எங்கும் உள்ள கேள்விதான். போலந்தின் வடகிழக்கில் டிகோச்சின் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. ஆற்றங்கரையில் அழகான ஒரு கத்தோலிக்க ஆலயம். ஊரின் இன்னொரு பக்கத்தில் 1642இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம். உள்ளே சுவர் முழுவதும் எபிரேய எழுத்தில் பிரார்த்தனை வாசகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. வருபவர்கள் படித்துக்கொண்டே தொழுவதற்காக. 1941 ஆகஸ்டில் நாஜிப் படையினர் அந்த ஊர் யூதர்களை, குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை, பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் புதைத்தார்கள். போருக்குப் பிறகு தொழுகைக்கூடத்தைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கினார்கள். இன்று சுவரில் பிரார்த்தனை அப்படியே இருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும் உள்ளூர் யூதர் ஒருவர்கூட இல்லை. நம் பகுதியில் பௌத்தம் மறைந்ததை அந்தப் படுகொலையோடு ஒப்பிட முடியாது. இங்கே நடந்தது பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல நடந்த தேய்வு. அங்கே ஆண்டும் மாதமும் செய்தவர்களின் கொடியும் பதிவாகி இருக்கின்றன. ஆனாலும் டிகோச்சினில் செய்திருக்கும் ஒரு காரியம் நாம் கவனிக்கத்தக்கது: வருகிறவருக்கு, இங்கே வாழ்ந்தவர்கள் யார், அவர்கள் ஏன் இப்போது இல்லை என்பதைச் சொல்கிறார்கள். கட்டடத்தின் அழகோடு அந்த இல்லாமையும் சேர்த்தே காட்டப்படுகிறது.

நம் பக்கத்துச் சமணத்தின் கதை கொஞ்சம் வேறு. அது தேய்ந்தது, மறையவில்லை. 2011 கணக்கில் தமிழ்நாட்டுச் சமணர்கள் 89,265 பேர்; அதில் வடக்கேயிருந்து தொழிலுக்காக வந்தவர்களும் அடக்கம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட, நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழ்கிற சமணக் குடும்பங்கள் திண்டிவனம், வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் இன்னும் இருக்கின்றன. உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டையில், படியேறிப் போகும் மலைக்கோயிலில் அப்பாண்டநாதர் என்று அழைக்கப்படும் பார்சுவநாதருக்கு இன்றும் பூசை நடப்பது அவர்கள் இருப்பதால்தான். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள இடம் அது. சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடரின் ஆசிரியர் குணபத்திரர் இருந்த இடமும் அதுவே. தமிழ் படிக்கிற பிள்ளைகள் நூற்றாண்டுக்கணக்கில் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த நிகண்டு, நமக்கு அறிமுகமே இல்லாத ஒரு மலைக்கோயிலின் நிழலில் வளர்ந்த கல்வியின் விளைச்சல். அந்த மலையைத் தாண்டிப் போகும் நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது ஏறியிருப்போம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஜம்பையை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. திருக்கோவலூருக்குப் பக்கத்தில், பாறைக்குகை ஒன்றில், அதியமான் நெடுமான் அஞ்சி சமணத் துறவிகளுக்கு உறைவிடம் கொடுத்த செய்தி ஒரே வரியில் வெட்டப்பட்டிருக்கிறது. 1981இல்தான் அது தொல்லியல் துறையின் கண்ணில் பட்டது. அசோகரின் கல்வெட்டுகள் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதிட்டுவந்தார்கள். அதியமான் மரபினர்தான் என்று இந்த ஒரு வரி காட்டிக்கொடுத்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அரசன், கதையிலிருந்து இறங்கிவந்து கல்லில் கையெழுத்துப் போட்டதுபோன்ற நிகழ்ச்சி அது. அந்த எழுத்து இவ்வளவு காலம் தப்பியதற்குக் காரணம் யாரும் அதைப் பொருட்படுத்தாததுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். யாராவது அக்கறை எடுத்திருந்தால் அந்தக் குகையில் ஒரு சாமியை வைத்திருப்பார்கள், வாசலைச் சிமெண்டால் பூசியிருப்பார்கள், எழுத்தின்மேல் சுண்ணாம்பு ஏறியிருக்கும்.

இதை எரிச்சலில் சொல்லவில்லை. பூசை நடக்கும் பழைய கற்கோயில்கள் எத்தனையோவற்றில் நாம் கண்கூடாகக் காண்பது இது. அடித்தளத்துக் குமுதப்படையில் நிலக்கொடையும் எல்லையும் வரியும் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும். அதன் பாதிவரை தரையை உயர்த்தி வழுவழுப்பான டைல்ஸ் பதித்திருப்பார்கள். மீதி எழுத்தின்மேல் காவியும் வெள்ளையும் பட்டைபட்டையாக எனாமல் பெயிண்ட். தூணில் ஆணி அறைந்து மின்விசிறிக்கு ஒயர். செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கும்பாபிஷேகத்துக்காகத் தம் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தவர்கள், சாமி கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்யும் முறையால் எத்தனையோ கோயில்களில் எழுத்தும் சிற்பமும் மழுங்கிப்போயின. வல்லுநர்கள் கூக்குரலிட்ட பிறகுதான் அது தடுக்கப்பட்டது. கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் காப்பது பற்றி 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. ஆக, கும்பிடாமல் விட்டது சிதைகிறது. கும்பிடுவதும் வேறு வழியில் சிதைகிறது. அன்பும் அலட்சியமும் ஒரே வேலையைச் செய்துவிடக்கூடிய இடத்தில் வெறும் பக்தி போதாது, அறிவும் கூடவே வேண்டியிருக்கிறது.

மலைமேல் நிலைமை தலைகீழ். கல்வராயன்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கரியராமன் என்ற தெய்வத்தோடு மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிவருகிறார்கள். கீழே சிலைகள் தங்கிவிட்டன, மனிதர்கள் போய்விட்டார்கள். மேலே, மனிதர்கள் தங்கள் தெய்வத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கல்லில் எழுதாமல் வாய்ச்சொல்லாகவே காப்பாற்றிய நினைவு அது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த அந்த மக்களுக்குக் கற்றளி எழுப்பும் வசதி எங்கிருந்து வரும்? ஆனாலும் எங்கிருந்து வந்தோம், யாரோடு வந்தோம் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இனி திருக்கோவலூர். மழை கொட்டும் ஓர் இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார் என்றும், பிறகு பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, ஒருவர் படுக்கலாம் என்றால் இருவர் இருக்கலாமே என்று எழுந்து இடம் கொடுத்தார் என்றும், அதன் பின் பேயாழ்வார் வர, இருவர் இருக்கலாம் என்றால் மூவர் நிற்கலாமே என்று மூன்று பேரும் நின்றார்கள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. நெருக்கம் மேலும் கூட, நான்காவதாக வந்து நெருக்கியது பெருமாளே என்று உணர்ந்து மூவரும் பாடத் தொடங்கினார்கள். திவ்வியப் பிரபந்தத்தின் முதல் மூன்று அந்தாதிகளும் அப்படிப் பிறந்தன என்பது நம்பிக்கை. வைணவத் தமிழின் தொடக்கத்தையே இந்தக் கதை ஒரு குறுகிய நடைவழியில் வைக்கிறது. வந்தவர் யார், எந்த ஊர், என்ன குலம் என்று அங்கே கேட்கப்படவில்லை. கதவு தட்டப்பட்டது, படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். கதை நடந்த ஊர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

அதே மாவட்டத்தில், எடுத்தவாய்நத்தம் கிராமத்து வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 2ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசியன்று. அதிகாரிகள் முன்னால் நிற்க, போலீஸ் காவலோடு அவர்கள் போனார்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். நாடு விடுதலை அடைந்த ஆண்டிலேயே சட்டம் திறந்துவிட்ட கதவு, அந்த ஊரில் உண்மையில் திறக்க எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உலகளந்த பெருமாளை மூன்றாவது அடிக்கு இடமில்லாமல் ஓங்கி நின்றவராகப் போற்றுகிறோம். அவருடைய இன்னொரு சந்நிதியில் பக்கத்துத் தெருக்காரர் நிற்பதற்கு இடமில்லை என்று அத்தனை காலம் சொல்லியிருக்கிறோம்.

இது கோயிலோடு முடிகிற காரியமும் இல்லை. உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூரில் செபமாலை அன்னை ஆலயத்தில், ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களுக்குள் வழி தனி, இடம் தனி, கல்லறை தனி என்று இருந்துவந்தது. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராடினார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தாக்கிய தரப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தார்கள். பெருமாள் கோயிலில் உள்ளே வர விடுங்கள் என்று கேட்டார்கள். எறையூரில் எங்களைத் தனியே போக விடுங்கள் என்று கேட்டார்கள். கோரிக்கைகள் எதிரெதிராகத் தெரிந்தாலும் காயம் ஒன்றுதான். ஒரு வாசல் இகழ்ச்சியோடு திறப்பதும் திறக்காமலே இருப்பதும் அந்த வாசலில் நிற்பவருக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. சமயத்தை மாற்றிக்கொண்டு வந்த வீட்டிலும் பழைய தெரு கூடவே வந்துவிட்டதே என்ற துயரம் எறையூரில் இருக்கிறது.

நம் ஊர்த் தலவரலாற்றுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் இவை எதுவும் இருக்காது. ஒரு முனிவரின் தவத்தில் தொடங்கும், ஓர் அசுரனின் வதத்தில் விரியும், எந்த அரசன் திருப்பணி செய்தான் என்று சொல்லும், கடைசிக் கும்பாபிஷேகத்தில் முடியும். யார் உள்ளே வரவில்லை, ஏன் வரவில்லை, எப்போது வந்தார்கள் என்ற பக்கம் இல்லை. தேவாலயத்தின் நூற்றாண்டு மலரிலும் அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் இவ்வளவு கூச்சப்பட்டவர்களாகத் தெரியவில்லை. விசயநகர ஆட்சியில் வரியும் அதிகாரிகளின் கெடுபிடியும் தாங்க முடியாமல் போனபோது, 1429இல் வலங்கை, இடங்கைக் குடிகள் ஒன்றுகூடி, இன்ன வரியை இவ்வளவுக்குமேல் கொடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்து, அதை நடுநாட்டுக் கோயில்களின் சுவர்களிலேயே வெட்டிவைத்தார்கள். ஊரில் நடந்த சண்டையும் உடன்பாடும், ஏழைகள் எதிர்த்து நின்றதும், சாமியின் சுவரில் இருக்கத் தகுந்த செய்திகள் என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள். கோயில் அன்று ஊரின் பதிவேடாகவும் இருந்தது.

அந்த வழக்கத்தை நாம் ஏன் விட்டோம்? திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் வெட்டிவைக்க நமக்குத் தெரிகிறது. எடுத்தவாய்நத்தத்தில் அந்த மார்கழி நாளையும் அப்படியே ஒரு கல்லில் வெட்டி, கொடிமரத்துக்குப் பக்கத்தில், வருகிற எல்லாரும் படிக்கிற இடத்தில் வைக்கலாம்: இன்ன ஆண்டு, இன்ன திங்கள், இன்ன நாளில் இவ்வூரார் அனைவரும் இச்சந்நிதிக்குள் வந்தார்கள், அதற்கு முன் வர விடப்படவில்லை. எறையூரில் 2008ஐ ஆலயத்துக்குள்ளேயே எழுதலாம். சேலத்துப் புத்தர் முன்னால் வைக்கும் பலகையில், இவர் புத்தர் என்பதோடு, இவரை முனியப்பன் என்று அழைத்துக் காப்பாற்றியவர்கள் இந்தப் பகுதி மக்கள் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். கல்வெட்டு வெட்ட இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள், கூலியும் பெரிய தொகை இல்லை. வாசகத்தை எழுதித்தர ஊர்க்கூட்டத்தில் யார் முன்வருவார்கள் என்பதுதான் பாக்கி.